கவிழ்த்துப் பார்க்கிறவள்

மின்விசிறியின் முகம் எனக்குத் தேவையில்லை.
கவிழ்த்து அடியைப் பார்ப்பேன்:
திருகாணி உண்டா,
உண்டென்றால் தலையில் என்ன வெட்டு,
கூட்டல் குறியா,
எந்தத் திருப்புளியும் நுழையாத முக்கோணமா,
இல்லை, திருகாணியே இன்றிப்
பசையால் ஒட்டி வாய் மூடியதா.

மத்திய வீதிக் கடையில் பையன் பதறுகிறான்.
"அக்கா, நிமித்தி வச்சுப் பாருங்கோ.
நீல லைற் எரியும். ரிமோட்டும் இருக்கு."
ரிமோட் இருக்கட்டும் தம்பி,
கப்பாசிற்றர் எங்க இருக்கெண்டு காட்டு.
அவன் மனேஜரைக் கூப்பிடப் போகிறான்.

உப்புவெளியில் ஆறு அறை விடுதி.
அதன் கணக்கு, சாவி, சலவை, சண்டை எல்லாம் நான்.
ஊரின் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது,
யாரும் வாசிப்பதில்லை.
அலை எழாத இரவிலும் உப்பு எழுந்து வரும்
நுளம்பு வலைக் கண்ணால், சாவித் துவாரத்தால்.
பதிவேட்டில் கையெழுத்து வைக்காமல்
ஆறு அறையிலும் தங்கும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் செத்தவை:
மூன்றாம் அறைக் கேத்தில், பதினொரு கிழமை.
ஐந்தாம் அறைக் கேத்தில், பங்குனி தொடங்கி ஆடி மட்டும்.
இரண்டாம் அறை விசிறி,
ஒரு பிரெஞ்சுக்காரி தூங்கிக்கொண்டிருக்கையில்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன.
பிரதேச சபை ட்ரக்டர் ஏற்றாது.
புதைத்தால் முளைக்காது,
எரித்தால் அயல் முழுக்க இருமும்.

முதலாளி ரொறன்ரோவில்.
"மலிவா ரெண்டு வாங்கு சுகிர்தா,
ஒண்டு செத்தா மற்றது."
இரண்டும் ஒரே மாதத்தில் செத்ததை
இரண்டு தரம் சொல்லியாயிற்று.

போன வைகாசியில்
பஸ் நிலையத்தில் பெட்டியை நிலத்தில் வைத்தேன்.
சில்லறை எண்ணி நிமிர்வதற்குள்
புள்ளிமான் ஒன்று
உத்தரவாத அட்டையைத் தின்றுகொண்டிருந்தது,
முத்திரை, திகதி, கடைக்காரன் கையெழுத்து
எல்லாவற்றையும் நிதானமாக.
பறிக்க முடிந்தது ஒரு மூலை.
அதில் பொடி எழுத்தில்:
கடலோரப் பாவனைக்குப் பொருந்தாது.
மானை அதன்பாட்டில் விட்டுவிட்டேன்.

ஜமாலியாவில் பஸ்மியாவின் மேசை.
கீழே அவள் மகன்
செம்புக் கம்பிச் சுருளோடு விளையாடுகிறான்.
கேத்திலை ஒருமுறை தட்டினாள்,
தேங்காய் பார்ப்பதுபோல.
"இதத் தொறக்கணுமெண்டா ஒடைக்கணும்.
ஒடைச்சா மூட ஏலா.
செஞ்சவனே தொறக்க நெனைக்கல்ல."
காசு வாங்கவில்லை.
அடுத்த ஆளுக்குக் கை நீட்டினாள்,
வரிசை வெளியே வெயில்வரைக்கும்.

அதனால்தான் இன்று இது.
சாம்பல் நிறம், அழகில்லை, நல்ல கனம்.
நாலு திருகாணி, நாலும் கூட்டல் குறி.
புஷ் தனியாக விற்கிறார்கள்,
கப்பாசிற்றர் எதிர்க்கடையில் கொத்தாய்த் தொங்குகிறது.
விலைதான் மற்றதைப்போல் இரு மடங்கு.
பில்லைப் படமெடுத்து அனுப்பினேன்.

உடனே ஃபோன் அலறியது,
அங்கே அதிகாலை மூன்று மணி.
"உந்தக் காசுக்கு எத்தினை வருசம் உழைக்கும்?"
தெரியாது எண்டேன்.
"பிழைக்காதோ?"
பிழைக்கும் ஐயா. எல்லாம் பிழைக்கும், இது உப்புவெளி.
ஆனா எங்க பிழைக்குமெண்டு எனக்குத் தெரியும்,
அங்க என்ர கை போகும்.

கெட்டுப்போவதையும்
தப்பி வாழ்வதையும்
ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில்
இரண்டு பேரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

பிறகு பெட்டியைத் தூக்கினேன்.
போகும் வழியில் ஒரு டப்பி கிறீஸ் வாங்க வேண்டும்,
திருகாணித் தலைகளுக்கு இன்றிரவே பூச.
உப்பும் இன்றிரவே வரும்.